மூன்று நீண்ட ஊதல்கள்

விடுதி, ரோசோ
15 ஜனவரி 1967

என் நென்னென் ஒர்த்தான்ஸுக்கு,

ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்திப் பெயர் சொன்ன ஞானத்தாய் நீங்கள். நீங்கள் வைத்த அந்தப் பெயரைச் சொல்லித்தான் எழுதத் துணிந்தேன். நான் செரஃபின். இரண்டு வருடமாக ஒரு வரிகூட எழுதாதவள்.

இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. உங்களுக்கு எழுதினால், "சப்பாத்தக் கழட்டி வச்சிட்டு ஊருக்கு வந்து வாழைத்தார் சுமக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அதனால் மற்றப் பெண்கள் தூங்கிய பிறகு கட்டிலுக்கு அடியில் படுத்து எழுதுகிறேன். மெழுகுவர்த்தித் துண்டு கோவிலிலிருந்து எடுத்தது. அதுவும் பாவம்தான். சிஸ்டர் மார்த் நடந்து வந்தால் இடுப்பு ஜெபமாலை சத்தம் போடும். உடனே அணைத்துவிடுவேன். வரி கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

உங்கள் முகவரியை ஆக்னெஸ் என்ற தோழியின் அம்மாவிடம் வாங்கினேன். அவர் இங்கே சந்தையில் உங்கள் மரி-கலாந்த் தீவுப் படகுக்காரர்களிடம் சர்க்கரைப் பாகு வாங்கி விற்பவர். பதில் எழுதினால் அவர் பெயருக்கே அனுப்புங்கள்.

கிறிஸ்துமஸுக்கு நம் ஊருக்கு, மோர்ன் சிரிக், போயிருந்தேன். லாரி விடுகிற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஏறினேன். பாலத்தடியில் மேகம் வந்து மூடிக்கொண்டது. முன்னால் போன அம்மாவின் கால் மட்டும் தெரிந்தது. அந்த இடத்தில் நின்றால் உங்கள் பாறையிலிருந்து சங்கு கேட்கும், ஞாபகம் இருக்கிறதா? நான் நின்றேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

ஊரில் இப்போது ஊத ஆள் இல்லை. வாழைக்காய்க் கப்பல் வந்தால் லாரிக்கார திமோ கீழே நின்று ஹாரன் அடிக்கிறார். பாதிப் பேருக்குக் கேட்பதில்லை. கிழவர் லெயோன்ஸ் இறந்தபோது எதிர்மலை ஆட்கள் அடக்கம் முடிந்த மறுநாள்தான் வந்தார்கள். எதிர்மலைப் பொலிதோர் மாமா எங்கள் வாசலில் நின்று கத்தினார்: "மனுஷன் செத்ததுக்கும் ஹாரன்தானா? ஊரா இது, லாரி ஸ்டாண்டா?"

உங்கள் சங்கு எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதன் வாய்க்குள் அம்மா வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். கப்பல் வராத அன்று எல்லோரும் உங்கள் வாசலில் கூடி நின்றபோது "நான்தான் ஊதியிருப்பேன்" என்றீர்கள். தெரிந்து சொன்னீர்களா? யாரையாவது காப்பாற்றச் சொன்னீர்களா? இதை மட்டும் எழுதுங்கள்.

செரஃபின்


கிராங் பூர், மரி-கலாந்த்
30 ஜனவரி 1967

அடி செரஃபின்,

முதலில் கோவில் மெழுகுவர்த்தியை வைத்துவிடு. எனக்கு எழுதுவதற்கு நரகத்துக்குப் போக வேண்டாம். கூடத்துக்குப் போனால் நிலா வெளிச்சம் இருக்கும்.

உன் கடிதத்தை மூன்று நாள் வாசித்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவளுக்கு உன் பள்ளிக்கூட எழுத்து வாழைநார் சிக்கல் மாதிரி. வெங்காயம் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். பிறகு நெடுநேரம் சிரிக்கவில்லை.

இங்கே மலையே கிடையாது. தோசைக்கல் மாதிரித் தட்டையான தீவு. எங்கே பார்த்தாலும் கரும்பு. மேகம் வானத்திலேயே நின்றுவிடுகிறது. நம் ஊரில் போலக் கதவைத் திறந்தால் உள்ளே வந்து உட்காராது. துணி காயப்போட்டால் காய்ந்துவிடுகிறது, நம்புவாயா? நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, "உங்க ஊர்ல துணி எப்படிக் காயும்?" என்று கேட்டாள். "காயாதும்மா, ஈரத்தோட போட்டுக்கிட்டு சண்டை போடுவோம், அதுல காஞ்சிடும்" என்றேன். மழை கழுவின காலையில் தெற்கே கடலுக்கு மேல் நம் மலை நீலமாகத் தெரியும். அன்று மட்டும் கடற்கரைப் பக்கம் போகமாட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். யாரைக் காப்பாற்றுவேன், பிள்ளை? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முந்தின இரவு என் புருஷன் ஓகுஸ்த் செத்த ஒன்பதாம் நாள் ஜெபம். ஒரு மனைவி குடிக்கக் கூடாத அளவு ரம் குடித்தேன். விடிந்து நெடுநேரம் வரை தூங்கினேன். கண் விழித்தால் உன் அப்பா அனிசே தலையில் தாரோடு வாசலில் நிற்கிறான். "கப்பல் எங்க, ஒர்த்தான்ஸ்? திமோ சொல்றான், இந்த வாரம் கப்பலே இல்லியாம்." கப்பல் ஊதல் கேட்டு வெட்டின தாரோடு அவனுக்குப் பின்னால் ஊரே நின்றது. என் சங்கு கதவோரத்தில் அதன் இடத்தில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஊதும் வாய் ஈரமாக இருந்தது. அதைத் தொடுகிறவள் நான் ஒருத்திதான். வேறு என்ன சொல்வேன்? தூக்கத்தில் எழுந்துபோய் ஊதியிருக்கிறேன்.

ஞாபகம் இல்லாமல் ஒன்றைச் செய்தவளுக்கு அடுத்தது என்ன செய்வாள் என்று தெரியாது. அதனால்தான் சங்கை உன் அப்பா காலடியில் வைத்தேன். இப்போதும் படுக்கும்போது வாயில் துணி கட்டிக்கொள்கிறேன். வீட்டு அம்மா சிரிக்கிறாள். அவள் குழந்தையைத் தூக்கச் சொன்னால் தூக்கமாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து இதை ஏன் கேட்கிறாய்?

உன் நென்னென்


விடுதி, ரோசோ
9 பிப்ரவரி 1967

நென்னென்,

துணியை அவிழ்த்துவிடுங்கள். இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். ஊதியது நான்.

உங்களுக்குத் தெரியும், எனக்காகத்தான் பொய் சொன்னீர்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்துத்தான் தூங்கினேன். இப்போது முழுவதையும் எழுதிவிடுகிறேன். நிறுத்தினால் மறுபடி எழுத முடியாது.

அன்று காலையில் அம்மா சேப்பங்கிழங்கு கொடுத்து உங்களிடம் அனுப்பினார். நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள். சங்கு கதவோரம் இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! "பல்லு எல்லாம் முளைக்கட்டும்" என்றே சொல்வீர்கள். எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினேன். ஊர் முழுவதும் மேகத்துக்குள் இருந்தது. என்னை யாரும் பார்க்க முடியாது, அதனால் யாரும் கேட்கவும் முடியாது என்று நினைத்தேன். எவ்வளவு மடத்தனம்!

ஒரே ஒரு முறைதான் ஊத நினைத்தேன். ஒன்று மட்டும் ஊதினால் அதற்கு நம் ஊரில் அர்த்தம் ஏதும் இல்லை, அது எனக்குத் தெரியும். மீனுக்குக் குட்டிக் குட்டியாக. சாவுக்குத் தாழ்வாக, சவப்பெட்டி முடிகிற வரைக்கும். வேலைக்குக் கைகொடுக்கக் கூப்பிட இரண்டு நீளம் ஒரு குட்டை. கப்பலுக்கு மூன்று நீளம். எல்லாம் தெரியும். ஆனால் முதல் ஊதல் வந்தபோது அது என் வயிற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. மலை அதைத் திருப்பித் தந்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. எண்ணவே இல்லை, நென்னென்.

எதிர்மலையிலிருந்து பொலிதோர் மாமா தன் சங்கில் மூன்றை வாங்கி மூன்றாக அனுப்பினார். அதற்கு அப்பால் இன்னொருவர். அப்போதுதான் புரிந்தது. "இல்லை, பொய்" என்று சொல்ல ஓர் ஊதல் இருந்திருந்தால் ஊதியிருப்பேன். நம் ஊரில் அப்படி ஒன்று கிடையாது. கீழே வெட்டுக்கத்திச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. சங்கை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, அப்பாவோடு சேர்ந்து தார் சுமந்தேன். நானும் சுமந்தேன். என் தலையிலும் ஒன்று.

வெட்டிய தார் எல்லாம் சாலையோரத்தில் பழுத்ததை நீங்களும் பார்த்தீர்கள். இரண்டு வாரம் ஊர் முழுவதும் இனிப்பு வாசனை. பன்றிகள் நடக்க முடியாமல் படுத்துக் கிடந்தன. சின்னப் பிள்ளைகளுக்கு அது திருவிழா. பெரியவர்கள் உங்கள் வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அப்பா கோவில் வாசலில், "இனி எனக்கும் உனக்கும் ஞான உறவு இல்ல" என்று சொன்னபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த ஊர்தான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எனக்குச் சப்பாத்தும் பெட்டியும் வாங்கி இங்கே அனுப்பியது. நீங்கள் அப்போதே போய்விட்டிருந்தீர்கள்.

என்னை என்ன செய்ய வேண்டுமோ சொல்லுங்கள்.

செரஃபின்


விடுதி, ரோசோ
26 பிப்ரவரி 1967

நென்னென்,

பதில் வரவில்லை. இரண்டு படகு வந்து போய்விட்டது என்று ஆக்னெஸின் அம்மா சொன்னார். கடிதம் கைக்குக் கிடைத்ததா? கிடைத்தது என்றும் கிடைக்கவில்லை என்றும் மாறி மாறி வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு நீங்களே எழுதிவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. எழுதாமல் இருந்துவிடுவீர்களோ என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

தவக்காலம் என்பதால் இங்கே காலையில் வெறும் கோக்கோத் தேநீர்தான். உங்கள் வீட்டுக் கோக்கோவின் மேல் எண்ணெய் மிதக்கும், அதில் லவங்கப்பட்டையை விரலால் தள்ளி விளையாடுவேன். "விரல வெளிய எடுடி, சூப்பு வைக்கல" என்பீர்கள்.

திட்டியாவது எழுதுங்கள்.

செ.


கிராங் பூர்
5 மார்ச் 1967

செரஃபின்,

திட்டச் சொன்னாய். இதோ.

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. வாசித்தேன். வாசித்துவிட்டு அந்தத் துணியைக் கத்தியால் கிழித்தேன். கிழித்த பிறகும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ இங்கே இருந்திருந்தால் உன் காது இன்னும் சிவந்திருக்கும்.

வாழைத்தாருக்காக இல்லை. தார் அடுத்த வருடம் காய்க்கும். ஊர் முகத்தைத் திருப்பியதற்காகவும் இல்லை. அவர்கள் நியாயமாகத்தான் திருப்பினார்கள். நீ என்னிடமிருந்து எடுத்தது வேறு. இரண்டு வருடமாக நான் என்னையே நம்பவில்லை, பிள்ளை. அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். பூசையில் எல்லோரும் பாடும்போது உதட்டைக் கடித்துக்கொள்வேன். என் வாய் என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது என்று நினைத்தேன். அந்த வாயால் முப்பது வருடம் ஒரு ஊதல் தப்பாமல் ஊதியிருக்கிறேன். ஓகுஸ்த் செத்த அன்றுகூட அவனுக்கு நான்தான் ஊதினேன், மூச்சு உடையாமல்.

பன்னிரண்டு வயதில் ஊதியதற்கு உன்னை ஒன்றும் சொல்லமாட்டேன். நான் ஒன்பது வயதில் திருடி ஊதினேன், என் சித்தப்பா என்னை ஆற்றில் தூக்கிப் போட்டார். பதிமூன்றில் பேசாமல் இருந்தாய், பதினான்கில் பேசாமல் இருந்தாய். அதற்குத்தான் இந்தக் கோபம்.

உன் அப்பாவுக்கு நான் எழுதமாட்டேன். உன் வாய் ஊதியதை என் கை ஏன் எழுத வேண்டும்? ஈஸ்டருக்கு ஊருக்குப் போவாய் அல்லவா? போய்ச் சொல். கடிதமாக எழுதிக் கொடுக்காதே, பாதிரியார் வழியாகச் சொல்லாதே. எல்லோர் முன்னும் நின்று சொல். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

உனக்கு வைத்த பெயர் என் அம்மாவின் பெயர். ஞாபகம் வைத்துக்கொள்.

ஒர்த்தான்ஸ்

இரவு ஒன்று சேர்க்கிறேன். வீட்டு அம்மாவின் குழந்தையை இன்று தூக்கினேன். கனமான பயல்.


மோர்ன் சிரிக்
28 மார்ச் 1967

என் நென்னென்,

இதைப் பகலில் எழுதுகிறேன். எங்கள் வீட்டு மேசையில், அப்பா எதிரே உட்கார்ந்திருக்க.

பெரிய வெள்ளியன்றே சொல்லிவிட நினைத்தேன். அன்று யாரும் ஆணி அடிக்க மாட்டார்கள், கத்தி எடுக்க மாட்டார்கள், சங்கும் தொடக் கூடாது. தள்ளிப்போனதில் எனக்குச் சந்தோஷம், ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை மழை. ஞாயிறு ஈஸ்டர், எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். நேற்று திங்கட்கிழமை, விடுமுறை தீர்ந்துகொண்டிருந்தது. காலையில் அம்மா ஆற்றுக்குப் போனதும் சங்கிலிருந்து வெங்காயத்தைக் கொட்டினேன். நன்றாகக் கழுவினேன். அப்படியும் வெங்காய வாசனை போகவில்லை.

பாறையில் ஏறிய பிறகுதான் எந்த ஊதல் என்று யோசித்தேன். ஊரைக் கூட்ட எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், வேலைக்குக் கைகொடுக்கக் கூப்பிடுவது. இரண்டு நீளம், ஒரு குட்டை. இந்த முறை வாய்விட்டு எண்ணி ஊதினேன். எதிர்மலையிலிருந்து பொலிதோர் மாமா இரண்டும் ஒன்றுமாகத் திருப்பினார்.

வந்தார்கள், நென்னென். வெட்டுக்கத்தி, மண்வெட்டி, ரம்பம், ஊர்ப் பெரியவர் மா பபெத் கையில் பெரிய பானை. இரண்டு வருடம் கழித்துச் சங்கு கேட்டதால் ஓடியே வந்தார்கள். "யாரு வீடுடா கட்றது? ஊதினது யாரு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். மேகம் விலகியதும் பாறைமேல் என்னைப் பார்த்தார்கள். அப்பா கடைசியாக வந்தார்.

"எறங்குடி கீழ" என்றார்.

"சொல்லிட்டு எறங்கறேன், அப்பா."

சொன்னேன். உங்களுக்கு எழுதியது போல அழகாக வரவில்லை. பன்னிரண்டு வயசு, மேகம், மூணு ஊதல், நான்தான், நென்னென் தூங்கிட்டிருந்தாங்க. அவ்வளவுதான். முடித்தபோது ஒரு கோழி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

முதலில் பொலிதோர் மாமாதான் வாயைத் திறந்தார், மூச்சிரைக்க மலையேறி வந்தவர். "அன்னிக்கு அந்த மூணாவது ஊதல் கடைசியில பிசிறுச்சு. ஒர்த்தான்ஸ் பிசிறமாட்டாளேன்னு எனக்கே தோணுச்சு. தோணியும் நான் எதிர் ஊதல் கொடுத்துட்டேன். கேட்டவுடன ஊதறவன் நான், யோசிக்கறவன் இல்ல." பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மா பபெத், "சப்பாத்து வாங்கிக் குடுத்தோமே இவளுக்கு!" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சப்பாத்தைக் கழற்றிப் பாறைமேல் வைத்தேன். "அத ஏன் கழட்டற, கால்ல முள்ளு குத்தப்போவுது, போட்டுத் தொல" என்று அவரே அதட்டினார்.

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பாறையடியிலிருந்து கூரை தெரிந்தது. பாதிதான் தெரிந்தது, மீதியைக் கொடி மூடியிருந்தது, போன புயலில் ஒரு பக்கம் உள்ளே விழுந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எந்த ஊதல்ல கூப்ட்ட எங்கள?"

"கைகொடுக்கற ஊதல்."

"கத்தி, ரம்பம்லாம் எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. வேலையில்லாம திருப்பி அனுப்புவியா? இன்னொரு பொய் ஊதலா ஆக்கப்போறியா?" சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டை நோக்கி நடந்தார்.

எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். பொழுது சாயும் வரை கொடியை வெட்டினார்கள், விழுந்த பக்கத்துக்கு உத்தரம் போட்டார்கள். திமோ தன் லாரித் தகரத்தில் இரண்டைக் கொடுத்தார். கூப்பிட்டவர்தான் சோறு போட வேண்டும் என்பதால் நானும் அம்மாவும் பச்சை வாழைக்காயும் உப்பு மீனும் வேகவைத்து நாற்பது பேருக்குப் பரிமாறினோம். அம்மா கரண்டியை மட்டும் நீட்டினார். இரவு படுக்கும்போது என் தலையில் கை வைத்தார். உள்ளே உங்கள் கோக்கோப் பாத்திரம் அப்படியே இருந்தது, அதில் ஒரு தவளை குடியிருந்தது.

சங்கை உங்கள் கதவோரம் வைத்துவிட்டோம். இன்று காலையில் அப்பா காகிதத்தை என் முன்னால் போட்டார். "எழுது. பகல்லயே எழுது. ஞான உறவ அறுக்கற வேலை பாதிரியாரோடதும் இல்ல, என்னோடதும் இல்ல, வாய் தவறிடுச்சுன்னு எழுது. கூரை ஒழுகல. அத எழுது."

எழுதிவிட்டேன். ஒழுகவில்லை. நேற்று ராத்திரி மழை பெய்தபோது அவரே போய் உள்ளே நின்று பார்த்தார்.

செரஃபின்


கிராங் பூர்
16 ஏப்ரல் 1967

செரஃபின்,

இன்று மழை கழுவின காலை. கடற்கரைக்குப் போனேன். நம் மலை தெரிந்தது. எந்த மேகத்துக்குள் நம் ஊர் இருக்கும் என்று கை நீட்டிப் பக்கத்தில் நின்றவனுக்குக் காட்டினேன். அவன் கேட்கவேயில்லை, ஆனாலும் காட்டினேன்.

உன் மேல் கோபம் முழுவதும் போகவில்லை. போகும். அதற்குக் கொஞ்ச நாள் கொடு. அனிசேயிடம், "வாய் தவறினவங்க நம்ம ஊர்ல நெறைய, நீ ஒருத்தன்னு நெனச்சிக்காத" என்று சொல்லு. தவளையை விரட்ட வேண்டாம், நான் வந்து பேசிக்கொள்கிறேன். சங்கை எலுமிச்சை போட்டுக் கழுவச் சொல்லு. வெங்காய வாசனையோடு ஒரு சாவை அறிவிக்க என்னால் முடியாது.

வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது, பாவம், மெதுவாக இறக்கி வைத்தேன். மே மாதம் முதல் சனிக்கிழமைப் படகில் வருகிறேன். திமோவின் லாரியில் வந்து பாலத்தடியில் ஏறுவேன். என் முழங்கால் பழையது, மாலை நான்கு மணி ஆகும். அந்தச் சனிக்கிழமை உன் சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு ஊருக்கு வா. ஒளிந்து வராதே.

பாறையில் நில். மேகம் இருந்தாலும் நில். நான் பாலத்தடிக்கு வந்திருப்பேன் என்று தோன்றும்போது ஊது. ஒன்றே ஒன்று, நீளமாக, கடைசியில் பிசிறாமல். அன்று நீ ஊத நினைத்தது அதுதானே. ஒன்றோடு நிறுத்து. அதற்கு நம் ஊரில் இதுவரை அர்த்தம் எதுவும் கிடையாது. எதிர்மலையில் பொலிதோர் அதைக் கேட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பான். விழிக்கட்டும். நான் கீழே நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் நென்னென்
ஒர்த்தான்ஸ்